உறைப்பதும் உறைக்காததும்: மூளையைப் பற்றி நாம் செய்யும் சில தவறுகள்

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் இருக்கும் பக்கம் என் நண்பர் ஒருவரின் வீடு. முதல்முறை போனபோது பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "என்ன நாற்றம் இது?" என்று கேட்டால், "எந்த நாற்றம்?" என்கிறார் அவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்கு எதுவும் தெரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, காபி குடித்து முடித்த நேரத்தில் எனக்கும் தெரியவில்லை. காற்று திசை மாறிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். காற்று அப்படியேதான் இருந்தது. மாறியது என் மூக்கு.

ஒரே தூண்டல் மாறாமல் வந்துகொண்டிருந்தால் நரம்புகள் அதைச் சொல்வதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். உளவியல் பாடத்தில் இதற்குப் புலன் தகவமைவு என்று பெயர். பழைய செய்தியை ஓரம் கட்டினால்தான் புதிய செய்தி காதில் விழும். அதே நண்பர் வீட்டில் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். ஆகவே இது மூக்கின் கோளாறு இல்லை, திறமை. ஆனால் அந்தத் திறமைக்கு ஒரு விலை உண்டு. இருக்கும் ஒன்றை இல்லை என்று அது நம்மை நம்பவைத்துவிடுகிறது.

வேலூரில் பல ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்கு உளவியல் அறிமுகப் பாடம் எடுக்கிறேன். விடைத்தாள்களிலும் வீட்டுத் திண்ணைப் பேச்சிலும் நான் பார்க்கும் தவறுகள் பலவற்றுக்கும் தாய்த்தவறு ஒன்றுதான்: எனக்கு உறைக்கவில்லை, அதனால் அது இல்லை. அதன் இரட்டைப் பிள்ளை: எனக்கு உறைக்கிறது, அதனால் அது இருக்கிறது. 'உறைப்பு' என்ற சொல்லை நாக்குக்கும் புத்திக்கும் பொதுவாக வைத்த நம் மொழியில் இதைச் சொல்வது எளிது.

நாக்கிலிருந்தே தொடங்கலாம். ஆம்பூர் பிரியாணியில் மிளகாய் விழுது கொஞ்சம் கூடிப்போனால் கை தானாகத் தண்ணீர் டம்ளருக்குப் போகும். தண்ணீர் குடித்தால் வாய் முழுக்க எரிகிறது. காரம் ஒரு சுவை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதுதான் இங்கே தவறு. மிளகாயிலுள்ள கேப்சைசின் என்ற பொருள் சுவை மொட்டுகளிடம் பேசுவதில்லை. சூட்டையும் வலியையும் அறிவிக்கும் நரம்பு ஏற்பியைப் போய்த் தட்டுகிறது. கொதிக்கிற ரசம் பட்டால் திறக்கும் கதவும் அதுவே. அதனால்தான் வாயில் நெருப்பு இல்லாமலே மூளைக்கு 'தீ' என்று தகவல் போகிறது, நெற்றியும் வியர்க்கிறது. இந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது. பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன் என்ற புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பிரியாணிக்கு வெங்காயத் தயிர்ப் பச்சடி வைத்தவர் வேதியியல் படித்திருக்க மாட்டார், ஆனால் சரியாகத்தான் வைத்தார்.

நாக்கு நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் வரைந்த படத்தையும் இந்த இடத்தில் அழித்துவிடலாம். 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் பகுதிகளுக்கிடையே சிறு வேறுபாடுகளைத்தான் குறித்திருந்தார். அது 1942-இல் ஓர் அமெரிக்க உளவியல் நூலுக்கு வந்தபோது பெரிய எல்லைக்கோடுகளாக வாசிக்கப்பட்டு, அங்கிருந்து உலகப் பாடப்புத்தகங்களுக்குள் புகுந்துவிட்டது. ஆற்காட்டு மக்கன் பேடாவில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். இனிக்கும்.

கண் இன்னும் கைதேர்ந்த பொய்யன். வெள்ளைத்தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதிலிருந்து வலப்பக்கம் ஏழெட்டு செ.மீ. தள்ளி மிளகு அளவில் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கைநீட்டும் தூரத்திலிருந்து மெல்ல முகத்தருகே கொண்டுவந்தால், ஏறக்குறைய ஓர் அடி தூரத்தில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. புள்ளி அங்கே விழுந்துவிட்டது. வகுப்பில் இதைச் செய்யும்போது, "போய்விட்டது, போய்விட்டது" என்று சத்தம் கேட்கும். நான் அவர்களிடம் கேட்பது வேறு: புள்ளி போன இடத்தில் என்ன தெரிகிறது? ஓட்டையா, கறுப்பா? எதுவும் இல்லை, வெள்ளைத்தாள் தெரிகிறது. கோடுபோட்ட நோட்டில் வரைந்திருந்தால் கோடு அறுபடாமல் ஓடும். மூளை அக்கம்பக்கத்தைப் பார்த்து இட்டு நிரப்பிவிட்டது, நம்மிடம் சொல்லவும் இல்லை. பிறந்ததிலிருந்து இரண்டு கண்ணிலும் இந்தக் குருட்டுப் புள்ளியோடுதான் வண்டி ஓட்டுகிறோம், சாட்சி சொல்கிறோம்.

புலன் அமைதியாக இருந்தால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதை வேலூரைவிட நன்றாகக் கற்ற ஊர் குறைவு. தொழுநோயில் சதை அழுகி விரல் தானாக உதிர்கிறது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவரும் உடனிருந்தவர்களும் நோயாளிகளின் ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று பின்னோக்கித் தேடினார்கள். கிருமி நரம்பைத் தாக்குகிறது, நரம்பு செத்தால் வலி தெரியாது. வலி தெரியாதவர் அடுப்பிலிருந்து கொதிக்கும் சட்டியைக் கையால் இறக்குகிறார். ஆணி குத்திய காலோடு நாள் முழுக்க நடக்கிறார். சிலருக்குத் தூக்கத்தில் விரலை எலி கடித்திருக்கிறது, தூக்கம் கலையவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். விரலைத் தின்றது நோய் நேரடியாக இல்லை, வலியின்மைதான். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் இந்தப் பணியின் தொடர்ச்சிதான்.

இது பழங்கதை ஆகிவிடவில்லை. நீண்டநாள் சர்க்கரை நோயும் இதே வேலையைப் பாதத்தில் செய்கிறது. வலியில்லாத புண்ணைப் "பெரிதாக ஒன்றுமில்லை, வலிக்கவே இல்லை" என்று தள்ளிப்போடுவதைப் போன்ற தவறு வேறில்லை. வலிக்காததுதான் அங்கே கெட்ட செய்தி. தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாலோ கண்ணாடி வைத்தோ பாருங்கள். வெந்நீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் கைவைத்துச் சொல்லட்டும். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றும் வேண்டுதலை மாலைக்குத் தள்ளிவையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதித்தரும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்புக்கும், தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதத்துக்காக இந்த ஊரில் நடந்த செருப்பு ஆராய்ச்சிக்கும் உறவு உண்டு.

மூளையைப் பற்றிய இரண்டு பிரபலமான புரளிகளைச் சுருக்கமாகவே தீர்த்துவிடலாம். 'நாம் பத்து சதவீத மூளையைத்தான் பயன்படுத்துகிறோம்' என்று நினைவாற்றல் பயிற்சி வகுப்பின் நோட்டீஸில் இருக்கும். மீதி தொண்ணூறுக்குக் கட்டணம் கேட்பார்கள். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது விழுங்குகிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு எந்த உடம்பும் இவ்வளவு சோறு போடாது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியதும் வேலூரில்தான். தொண்ணூறு சதவீதம் காலியிடம் என்றால் அந்த அறுவையில் எங்கே கத்தி வைப்பது என்ற கவலையே வந்திருக்காது. அடுத்தது, வலமூளைக்காரர் கலைஞர், இடமூளைக்காரர் கணக்கர் என்ற ஜாதகம். இரு பாதிகளுக்கும் வேலையில் வேறுபாடு உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடப்பாதியைச் சார்ந்தது. இரு பாதிகளுக்கும் நடுவிலுள்ள இணைப்பு துண்டிக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து அதைத் தெளிவாகக் காட்டியதற்காக ரோஜர் ஸ்பெர்ரி 1981-இல் நோபல் பெற்றார். ஆனால் நம் தலைக்குள் அந்த இணைப்பு அறுபடாமல் இருக்கிறது. ஒரு பாதியோடு குடும்பம் நடத்துகிறவர் யாரும் இல்லை.

இனித் தூக்கம். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருவர் ஒருநாள் வகுப்பு முடிந்து தயங்கி நின்றார். விடியற்காலையில் விழிப்பு வந்திருக்கிறது. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது. விரலை அசைக்க முடியவில்லை, கத்த வாய் வரவில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டியிடம் போனில் சொன்னதும் பாட்டி தயங்காமல் பெயர் சொல்லிவிட்டார்: அமுக்குவான் பேய். கயிறு மந்திரித்து அனுப்பியும் வைத்தார்.

பேய் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்தப் பெண் என்னை நம்பியிருக்க மாட்டார்; அவருக்கு நெஞ்சு கனத்தது உண்மை. நடந்தது இது. 1953-இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற தூக்க ஆய்வாளர்கள் இருவரும் தூக்கத்தில் கண்கள் விரைந்து அசையும் கட்டம் ஒன்று உண்டு என்று அறிவித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். கனவில் ஓடும்போது படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவிடாதபடி மூளை அந்நேரம் கைகால் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடும். கண்ணையும், மூச்சை இழுக்கும் உதரவிதானத்தையும் விட்டுவைக்கும். சிலசமயம் விழிப்பு முந்திக்கொள்கிறது, கட்டு அவிழச் சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ பிந்துகிறது. மூச்சை ஆழமாக இழுக்க நினைத்தால் மார்புத் தசை ஒத்துழைக்காது, அதுதான் கனம். மிச்சமிருக்கும் கனவு அந்தக் கனத்துக்கு ஓர் ஆளை வரைந்துவிடுகிறது. ஜப்பானியர் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள். தூக்கம் குறைந்தவர்களுக்கும், நேரம் மாறி மாறித் தூங்குகிறவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது கூடுதலாக வரும். கயிறு கட்டியதில் தப்பில்லை. கட்டிக்கொண்டு அன்றிரவும் மூன்று மணிவரை விழித்திருந்ததுதான் தப்பு. பகலிலும் அடக்கமுடியாமல் தூக்கம் தள்ளினால் மட்டும் மருத்துவரிடம் போகவேண்டும்.

"ஐந்தாறு மணி நேரத் தூக்கம் எனக்குப் பழகிவிட்டது" என்பவர்கள் ராணிப்பேட்டை நண்பரின் மூக்கைத்தான் நினைவூட்டுகிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு, 2003-இல் வெளியானது. இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, இரண்டு வாரம் தொடர்ந்து கவனத்தைச் சோதித்தார்கள். தவறுகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. ஆனால் "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டதற்கு, கொஞ்சம்தான் என்ற பதிலிலேயே பங்கேற்றவர்கள் நின்றுவிட்டார்கள். குறைபாடு ஏறிக்கொண்டே இருந்தது. அதை உணரும் முள்தான் ஓடாமல் நின்றுபோனது. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா தாண்டி நள்ளிரவில் ஓட்டுநர் "எனக்குத் தூக்கம் வராது சார்" என்று சொன்னால் நான் நம்புவதில்லை. 80 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி கண்ணயர்ந்தால் வண்டி 65 மீட்டருக்கு மேல் தானாக ஓடியிருக்கும்.

அவருக்கு நாம் வாங்கித்தரும் காபியும் தூக்கக் கடனை அடைப்பதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தைக் கூப்பிடும். காபியிலுள்ள கேஃபீன் அதன் இருக்கையில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். உடலில் அது பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரமாகும். மாலை ஆறு மணிக் காபியில் பாதி, இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் சுற்றும். தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்க விழித்துப் படிப்பதும் இதே கணக்குதான்: படித்ததை மூளை அடுக்கிவைப்பதில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது. சரக்கை இறக்கிவிட்டுக் கிடங்கைப் பூட்டினால் எப்படி? வேலூர்க் கோடையில் தூக்கம் வராததற்கு மனக்கவலையை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். தூங்கப்போகும்போது உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடித் தளம் இரவெல்லாம் அறைக்குள் சூட்டை அனுப்பினால் அது எப்படிக் குறையும்? சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளித்த நம் பெரியவர்களைக் கேளுங்கள்.

மன அழுத்தத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் டென்ஷன். பஸ் தவறினாலும் டென்ஷன், கல்யாணம் நின்றாலும் டென்ஷன். மன அழுத்த ஆய்வின் முன்னோடி ஹான்ஸ் செல்யே 1936-இல் விவரித்தது, எந்தத் தாக்குதலுக்கும் உடல் தரும் பொதுவான எதிர்வினையை. அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்கள் சற்று நேரம் ஏறி இறங்கினால் அது உதவிதான். மேடையேறும் முன் உள்ளங்கை வியர்ப்பதை நோய் என்று எண்ணிப் பயப்படுவது வீண். இறங்காமல் மாதக்கணக்கில் நின்றால்தான் கேடு. இன்னொரு பக்கம், எல்லா வயிற்றுப் புண்ணையும் கவலையின் தலையில் கட்டுவதும் தவறு. பெரும்பாலானவற்றுக்கு ஒரு பாக்டீரியாவோ வலிமாத்திரைகளோ காரணம். அந்தப் பாக்டீரியாவைக் காட்டிய மார்ஷலும் வாரனும் 2005-இல் நோபல் பெற்றார்கள்.

எங்கள் வீட்டில் பெருந்தவறு செய்தது டென்ஷன் என்ற அந்த ஒரு சொல்தான். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் என் தாய்மாமாவுக்கு ரத்த அழுத்தம் என்று மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். சீட்டில் ஆங்கிலத்தில் ஹைப்பர்டென்ஷன். "டென்ஷனா? எனக்கா?" என்று மாமா சிரித்தார். தறி ஓடுகிறது, பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, யாரிடமும் அவர் குரல் உயர்த்தியதில்லை. மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டார். ரத்தக்குழாய்ச் சுவரின்மேல் ரத்தம் தரும் அழுத்தத்துக்கும் மனசின் பதற்றத்துக்கும் ஒரே சொல்லை வைத்ததால் வந்த வினை. சாந்தமான மனிதருக்கும் அது ஏறும். ஏறியது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது.

"மாமா, தலை சுற்றுகிறதா, படபடப்பு இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே கருவியைக் கையில் சுற்றினேன். எதுவும் இல்லை என்றார். 180-க்கு 110 காட்டியது. "உன் மெஷின் பழுது" என்றார். அத்தை தன் கையை நீட்டினார், 120-க்கு 80. மறுநாளும் அதற்கடுத்த வாரமும் எடுத்தோம், மாமாவுக்கு இறங்கவே இல்லை. இப்போது காலையில் தறிக்குப் போகுமுன் அத்தை மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்கும்வரை எதிரில் நிற்கிறார். இன்று கேட்டாலும் மாமா, அப்போது தனக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்வார்.