மழைக்குப் பிறகு பைக் அடைத்து ஓடுகிறதா?

மழையில் நனைந்த வண்டி 'டப் டப்' என்று அடைத்தால், கார்புரேட்டரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது பிளக் கேப், அதாவது ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டும், ஒயரோடு இணைந்த மூடி. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள்; கேப்பிலிருந்து எஞ்சின் மேல் நீலப் பொறி தாவினால், கரண்ட் பிளக்குக்குள் போகாமல் வெளியே கசிகிறது. கையை அருகில் கொண்டுபோக வேண்டாம், ஷாக் பலமாக இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒயரிலிருந்து கேப்பை இடப்பக்கம் சுற்றிக் கழற்றுங்கள். பச்சை பிடித்த ஒயர் நுனியை 5 மி.மீ. வெட்டி, பளபளக்கும் செம்பில் மறுபடி திருகுங்கள். ரெசிஸ்டர் கேப் (உள்ளே மின்தடை வைத்தது) என்றால் மல்டிமீட்டர் பொதுவாக 5 கிலோ ஓம் அளவில் காட்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் புதுசு போடுங்கள், விலை சொற்பம்தான்.

பிளக் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரியும் ஈரமுமாக இருந்தால் துடைத்து, பொறி தாவும் இரு முனைகளின் இடைவெளியைப் பாருங்கள்: 100–150 சிசி வண்டிகள் பலவற்றுக்கு 0.7–0.8 மி.மீ. ஸ்பார்க் சோதிக்கும்போது பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினில் ஒட்டியிருக்கட்டும், பிளக் துளையிலிருந்து தள்ளியே வையுங்கள். காற்றில் தொங்கவிட்டுக் கிக்கர் அடித்தால் சிடிஐ (பொறிக்கான கரண்டை அனுப்பும் பெட்டி) போய்விடலாம்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் எஞ்சின் வெட்டினால், ஹெட்லைட்டுக்குப் பின்னால் மடங்கும் சாவி சுவிட்ச் ஒயரைச் சந்தேகப்படுங்கள். மேலுறை முழுசாகவே தெரியும், உள்ளே கம்பி அறுந்திருக்கும்.

அடிக்கடி பல்பு போகிறதா? ரேஸ் கொடுத்தபடி பேட்டரியை அளந்து பாருங்கள். 13.5–14.5 வோல்ட் சரி. 15ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் காலி.