ஷவரை அடைத்த உப்பு

சென்னையின் கடலோரத் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பும் லேசில் வேகாது. ஷவர் ஓட்டைகள் பாதி வெள்ளையாக அடைத்துக்கொண்டன. பிளம்பர் புதுசு மாட்டச் சொன்னார். நான் அதைக் கழற்றி, வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊறப்போட்டேன். பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. அடைத்திருந்த வெள்ளை உப்பு, அதாவது கால்சியம் கார்பனேட், கரைகிறது என்று அர்த்தம். அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் தண்ணீர் பளிச்சென்று கொட்டியது. (ராத்திரி முழுக்க ஊறவிட்டால் குரோம் பூச்சு மங்கிவிடும்.)

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் (அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் அளவில்) ஒரு பகுதிதான் குறையும். கடலிலிருந்து நிலத்தடி நீரில் ஏறிய உப்பு அப்படியே இருக்கும். லேபில் கொடுத்துப் பார்த்தோம். இந்தியத் தரப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. எங்களுடையது அதையும் தாண்டியது. சரி, சமையலுக்கு இனி குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர்தான்.