அடி வாங்கிய பிறகு செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் கணவன் கைநீட்டினால், விஷயம் முதலில் போவது மாமியாரிடமோ கோயில் தலைவரிடமோதான். "பேசி முடிச்சிக்கலாம்" என்பார்கள். பேசட்டும். ஆனால் அது முடியும்வரை காத்திருக்காதீர்கள். காயம் ஆறிவிட்டால் டாக்டர் எழுதுவதற்கு எதுவும் மிஞ்சாது.

போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் ஆஸ்பத்திரியில் பார்க்கமாட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகவே போகலாம். சிகிச்சை, மருத்துவ ஆதாரம், போலீஸ், சமூகநல இலாகா எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஏற்பாடு செய்வதற்கென்றே அங்கே ஓ.எஸ்.சி.சி. (ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்) சேவை இருக்கிறது. பாலியல் வன்முறை என்றால் குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல் போவது நல்லது. குளித்துவிட்டீர்களா? பரவாயில்லை, உடனே போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

அப்புறம் போலீஸ். ரிப்போர்ட்டை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். மனதுக்கு மிகவும் வேதனை தருவது "ரெக்கார்டுக்கு மட்டும்" என்று எழுதிவிட்டு வருவதுதான். கணவன் மனம் மாறுவான் என்ற ஆசையில் அப்படிச் சொல்கிறார்கள். விசாரணை வேண்டுமென்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ரிப்போர்ட் மலாயில் இருக்கும். மிரட்டல், பழைய அடிகள் எல்லாம் அதில் வந்திருக்கிறதா என்று யாரையாவது வாசித்துக் காட்டச் சொன்ன பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு உத்தரவுக்குக் கோர்ட்தான் வழி என்று நினைத்துத் தயங்க வேண்டாம். 2017-இல் திருத்தப்பட்ட குடும்ப வன்முறைச் சட்டப்படி, சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. ஆனால் அது 7 நாள்தான் செல்லும். அதற்குள் இடைக்கால உத்தரவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதுவும் போலீஸ் விசாரணை முடியும்வரைதான். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் புதிதாகப் பாதுகாப்பு உத்தரவு கேட்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

ஐ.சி. (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எடுக்கத் தனியாக வீட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள். கூட வரும்படி போலீஸையோ சமூகநல அதிகாரியையோ கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. தோட்டத்து வீடு கணவனின் வேலையோடு வந்தது, வெளியேறினால் எங்கே போவது என்ற பயம் நியாயமானதுதான். தங்குமிடம் பற்றி 15999 தாலியான் காசே உதவித் தொலைபேசியில் கேளுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.