கைப்பிடி கழன்று விழாத களிமண் கோப்பை: பள்ளிக் கலை வகுப்புக்கு

களிமண்ணோடு முதன்முதலாகப் பழக, கைப்பிடி வைத்த கோப்பையைவிடப் பொருத்தமான பாண்டம் கிடையாது. பிசைவது, வனைவது, ஒட்டுவது, உலர்த்துவது, சுடுவது எல்லாமே அதில் வந்துவிடும். சக்கரம் இப்போதைக்கு வேண்டாம். மண்ணைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்தப் பழகவே பல வகுப்புகள் போய்விடும்.

அரை கிலோ மண் போதும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தள்ளுங்கள், சுருட்டுங்கள், கொஞ்சம் திருப்பி மறுபடி தள்ளுங்கள். முப்பது நாற்பது தடவை ஆனதும் கம்பியால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். அறுத்த முகத்தில் பொத்தல்களோ, கெட்டியும் இளக்கமுமான திட்டுகளோ தெரிந்தால் இன்னும் பிசைய வேண்டும்.

அடித்தட்டு 7 செ.மீ. அகலம், 7 மி.மீ. கனம். சுவருக்கு, கயிறு போல விரல் பருமனில் உருட்டிய மண் திரிகளை வளையமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டும். திரி உருட்டும்போது விரல் நுனியால் அழுத்தினால் பள்ளம் பள்ளமாகிவிடும். முழு உள்ளங்கையால், நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள். ஒவ்வொரு திரியையும் வைத்த கையோடு, உள்பக்கம் கீழ்நோக்கியும் வெளிப்பக்கம் மேல்நோக்கியும் இழுத்துத் தேய்த்து இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் காயும்போது திரிகளின் எல்லையிலேயே விரிசல் ஓடும். நாலைந்து திரி ஏறியதும் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சுவர் தன் எடை தாங்காமல் வயிறு தள்ளும். சுட்டு முடிப்பதற்குள் மண் சுமார் பத்து சதவீதம் சுருங்கும் என்பதால், நினைத்த அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே வனையுங்கள்.

வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள்தான் என்றால், நடுவில் பாண்டம் காய்ந்து போவதுதான் பெரிய தொல்லை. விளிம்பின் மேல் ஈரத்துணி போட்டு, பிளாஸ்டிக் பையால் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். கைப்பிடிக்கான மண்ணையும் வளைத்து அதே பைக்குள் வைத்துவிடுங்கள். இதில்தான் காரியமே இருக்கிறது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். பாதி காய்ந்த மண்ணும் பச்சை மண்ணும்கூட அப்படித்தான். கோப்பை ஏற்கெனவே சுருங்கியிருக்கும், ஈரக் கைப்பிடி இனிமேல்தான் சுருங்கும். அந்த இழுபறியில் ஒட்டு விட்டுப்போகும். இரண்டும் ஒரே பையில் கிடந்தால் ஈரம் ஏறக்குறைய சமமாகிவிடும்.

ஒட்டும் பதம் எது? நகத்தால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், ஆனால் சுவர் வளையக் கூடாது. தோல் போல விறைத்திருக்கும். ஒட்டும் இடங்கள் இரண்டிலும், அதாவது கோப்பையிலும் கைப்பிடியிலும், ஊசியால் குறுக்கும் நெடுக்குமாக 2 மி.மீ. ஆழம் கீறுங்கள். அதே மண்ணின் துணுக்குகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியான தயிர் பதத்தில் கரைத்த குழம்பைத் தடவுங்கள். வெறும் தண்ணீர் போதாது. உள்ளேயிருந்து ஒரு விரலால் சுவரைத் தாங்கியபடி கைப்பிடியை வைத்து லேசாக அசைத்து அழுத்துங்கள். குழம்பு பிதுங்கி, கைப்பிடி நகர மறுக்கும் ஒரு கணம் வரும், அங்கே நிறுத்துங்கள். ஓரத்தில் நூல் போல ஒரு மெல்லிய திரி வைத்து வழித்துவிட்டால் முடிந்தது.

ஒரு வாரமாவது மெதுவாகக் காயட்டும், வெயில் வேண்டாம். கைப்பிடி மெலிது, சுற்றிலும் காற்றுப் படுவது, முந்திக்கொண்டு காயும். அதற்கு மட்டும் பிளாஸ்டிக் துண்டு சுற்றுங்கள். காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

சூளையில் பாண்டம் வெடித்தால் காற்றுக்குமிழி மேல் பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் உண்மையான குற்றவாளி தண்ணீர். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மிச்ச ஈரம் ஆவியாகி, வெளியேற வழி போதாமல் சுவரைப் பிளக்கிறது. அதனால்தான் சூளையை முதல் சில மணி நேரம் 80, 90 டிகிரியிலேயே நிறுத்துகிறார்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் திடீரென்று பருமன் மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும். முதல் சூடு சுமார் 1000 டிகிரி.

அடுத்தது கண்ணாடிப் பூச்சான கிளேஸ். சுட்ட கோப்பையை ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். தூசியும் விரல் எண்ணெயும் பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டாமல் சுருண்டு ஒதுங்கும். முக்கி எடுப்பதானால் மூன்று விநாடி, தூரிகையானால் மூன்று பூச்சு. அடிப்பாகத்தையும் அதற்கு மேல் 5 மி.மீ. அளவையும் துடைத்துவிடாவிட்டால் இரண்டாம் சூட்டில் கோப்பை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கிளேஸுக்கும் மண்ணுக்கும் ஒரே வெப்பநிலை பொருந்துகிறதா, உணவுப் பாத்திரத்துக்கு ஏற்றதா என்று டப்பாவில் பார்த்துவிட்டே தொடுங்கள்.

காய்ந்த பாண்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேசையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். களிமண் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. ஈர ஸ்பாஞ்சே போதும். கை கழுவும் தண்ணீரையும் வாளியில் பிடித்துத் தெளிய வையுங்கள், நேரே குழாய்த் தொட்டியில் விட்டால் அடைத்துக்கொள்ளும்.

சூளையிலிருந்து வந்த கோப்பையில் தண்ணீர் ஊற்றி, ஒரு தாளின் மேல் இரவு முழுக்க வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அது பேனா வைக்கும் கோப்பை.