ஊரில் தடிமன் பிடித்தால்: குளிசை விழுங்குமுன்

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு, ஊருக்குப் போய் இறங்கி நாலைந்து நாளில் தடிமன் பிடிப்பது பலருக்கும் நடப்பதுதான். தொண்டை அரிக்கத் தொடங்கியதும் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சித்தி கொத்தமல்லி அவிப்பார். மச்சான் மோட்டார் சைக்கிளில் சந்திப் பாமசிக்குப் போய், "வெளியிலயிருந்து வந்த ஆக்கள், கெதியா மாறவேணும்" என்று சொல்லி ஒரு கடதாசிப் பையோடு திரும்புவார். கொத்தமல்லித் தண்ணியைத் தாராளமாகக் குடியுங்கள். அந்தப் பையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பைக்குள் பெரும்பாலும் பனடோல், பிரிற்றோன் (Piriton, நித்திரை வரவைக்கும் ஒவ்வாமைக் குளிசை), மூன்று நாளுக்கு அமொக்சிசிலின் அல்லது அசித்ரோமைசின் என்ற அன்ரிபயோற்றிக் இருக்கும். சிலவேளை உடம்பு நோவுக்கென்று டைக்குளோபெனக்கும் சேர்ந்துவிடும். அட்டையிலிருந்து வெட்டிப் போட்டதென்றால் பெயரும் இராது, காலாவதித் திகதியும் இராது. பெயர் தெரியாத குளிசையை விழுங்க வேண்டாம். பெயரையும் மில்லிகிராம் அளவையும் பையில் எழுதித் தரச் சொல்லுங்கள்; கேட்டால் எழுதித் தருவார்கள். ஊரிலிருந்து அப்படியே தமிழ்நாட்டுப் பக்கம் கோயில் சுற்றப் போகிறவர்கள் அங்கே 'செட் மாத்திரை' என்று நாலைந்தை ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்குள் ஸ்டீராய்டு இருந்தால் அன்றைக்கே சுகமாகிவிட்டது போலிருக்கும், ஆனால் நீரிழிவுக்காரருக்குச் சீனி எகிறிவிடும்.

இலங்கையில் அன்ரிபயோற்றிக்கை மருத்துவரின் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது. இந்தியாவிலும் அதே சட்டம்தான். 2014 முதல் அவற்றில் பலவற்றை எச்1 என்ற பட்டியலில் சேர்த்து, விற்றதைப் பதிவேட்டில் எழுதவும் கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் வாய்ச்சொல்லுக்கே எடுத்துக் கொடுக்கும் கடைகள் இரண்டு நாட்டிலும் உண்டு. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று கிழமை லீவில் ஒரு கிழமை படுக்கையில் போய்விடுமோ என்ற நம்முடைய அவதிதான் அவரிடம் குளிசையைக் கேட்டு வாங்குகிறது.

தடிமன் வைரசால் வருவது. அன்ரிபயோற்றிக் பக்டீரியாவை மட்டுமே கொல்லும். தடிமன் ஏழு முதல் பத்து நாளில் தானாக மாறும். இருமல் மூன்று கிழமை வரைகூட இழுபடலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கிருமி ஏறிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். சாதாரணத் தடிமனிலும் சளி நிறம் மாறத்தான் செய்யும். மூன்றாம் நாள் குளிசையைத் தொடங்கி ஆறாம் நாள் சுகம் கண்டவர், குளிசை இல்லாமலும் அதே ஆறாம் நாளில் சுகம் கண்டிருப்பார். பெயர் மட்டும் குளிசைக்குப் போய்விடுகிறது.

தேவையில்லாமல் எடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்பவர்கள் உண்டு. வயிற்றோட்டத்தோடு கொழும்புக்கு இரவு பஸ் ஏறிப் பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவருக்குப் பல அன்ரிபயோற்றிக்குகள் அந்த உறையாத தன்மையை அளவுக்கு மீறிக் கூட்டிவிடும். கொலஸ்ட்ரோலுக்கு சிம்வாஸ்டற்றின் எடுப்பவர் கிளாரித்ரோமைசின் என்ற அன்ரிபயோற்றிக்கைச் சேர்த்தால் தசை சிதையக்கூடும். சிப்ரோபுளொக்சசின் என்ற அன்ரிபயோற்றிக் வயதானவர்களின் குதிகால் தசைநாணைப் பாதிக்கலாம். நீரிழிவுக்காரருக்குச் சீனியைத் தாறுமாறாக்கலாம். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர் கவனிக்க: ஓக்மென்ரின் என்ற பெயரில் பெனிசிலின் என்ற சொல் இல்லை, ஆனால் உள்ளே இருப்பது அந்தக் குடும்பத்து அமொக்சிசிலின்தான். இன்னொன்று: மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்கள் குடலில் தங்கி உங்களோடு விமானம் ஏறும். பிறகொரு நாள் சலத்தில் கிருமி பிடிக்கும்போது வழக்கமான மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

இத்தனையையும் விடப் பெரிய ஆபத்து, தடிமன் என்று நினைத்தது தடிமனாக இல்லாமல் போவது. வடக்கில் மாரி மழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி, தையில் நுளம்பு பெருகி டெங்கு உச்சத்துக்குப் போகும். நத்தார் லீவுக்கும் பொங்கலுக்கும் நாம் போய் இறங்குவதும் அப்போதுதான். 2017இல் இலங்கை முழுவதும் ஏறத்தாழ 186,000 பேருக்கு டெங்கு என்று பதிவானது. டெங்கின் முதல் இரண்டு நாளும் சளிக்காய்ச்சல் (ஃபுளூ) போலவே இருக்கும்: காய்ச்சல், தலையிடி, உடம்பு முறிவு, சிலருக்குத் தொண்டை நோவும். இந்த நேரத்தில் ஐபுபுரோபெனோ டைக்குளோபெனக்கோ அஸ்பிரினோ போட்டால் இரத்தக் கசிவு கூடும். இலண்டன்காரரின் நியூரோபென், கனடாக்காரரின் அட்வில், நோர்வேக்காரரின் ஐபக்ஸ் எல்லாம் ஐபுபுரோபென்தான், வோல்டரென் டைக்குளோபெனக். ஊரில் காய்ச்சல் கண்டால் இவை சூட்கேசிலேயே கிடக்கட்டும். இதயத்துக்கென்று மருத்துவர் சொல்லி நாளாந்தம் அஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் இரத்தத்தை எஃப்.பி.சி. (முழு இரத்த எண்ணிக்கை) சோதனைக்குக் கொடுங்கள். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் மூன்றாம் நாள் வரை காத்திருக்கக் கூடாது. டெங்கில் ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. காய்ச்சல் இறங்கும்போது சுகம் வந்துவிட்டதென்று விருந்துக்குப் புறப்படுவார்கள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ஆள் விழுவது அப்போதுதான். வயிற்று நோ, நிற்காத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், சலம் குறைதல், கை கால் குளிர்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 1990 என்ற எண்ணுக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. அரச ஆஸ்பத்திரியில் கூட்டம் என்று முகம் சுளிக்க வேண்டாம். டெங்கு பார்த்துப் பழகிய கைகள் அங்கேதான் இருக்கின்றன.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அதற்கு அன்ரிபயோற்றிக் உயிர் காக்கும் மருந்து. வயல் வெள்ளத்திலோ சேற்றிலோ கால் வைத்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பாமசியில் வாங்கிய அரைகுறைக் குளிசைகளை முன்கூட்டியே போட்டுவிட்டுப் போனால், நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்) போன்றவற்றைக் கண்டுபிடிக்கும் இரத்த வளர்ப்புச் சோதனையில் ஒன்றும் பிடிபடாமல் போகலாம். போட்டிருந்தால் வெட்கப்படாமல் பெயரைச் சொல்லுங்கள்.

இனிப் பனடோல். காய்ச்சலுக்கு அதுதான் நல்லது, அளவோடு எடுத்தால். ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் இன்னும் குறைவு. சிக்கல் பெயர்களில் இருக்கிறது. பிரான்சின் டொலிப்ரான், சுவிசின் டபல்கான், கனடாவின் ரைலனோல், நோர்வேயின் பாரசெற், இவை எல்லாம் பனடோலில் இருக்கும் அதே பரசிற்றமோல். டொலிப்ரான் 1000 ஒன்று, பனடோல் இரண்டுக்குச் சமம். பிரித்தானியாவின் லெம்சிப் மக்ஸ் தடிமன் பொடியிலும் ஒரு பைக்கு 1000 மில்லிகிராம். பாரிஸ் மாமா ஒன்று தர, இலண்டன் அக்கா சுடுதண்ணியில் ஒன்று கரைத்துத் தர, அம்மாவும் ராத்திரிக்கு இரண்டு பனடோல் நீட்டினால், அன்புக் கணக்கு ஈரலில்தான் ஏறும். டெங்கில் ஈரல் ஏற்கெனவே தாக்கப்பட்டிருக்கும் என்பதால் அப்போது இன்னும் கவனம்.

தடிமன் மருந்துகளில் சேரும் சூடோஎபெட்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றும். அதற்குப் பதிலாகப் பல மருந்துகளில் சேர்க்கும் பினைலெப்ரின் வாயால் விழுங்கினால் மூக்கடைப்புக்குப் பயன்தராது என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழுவே சொல்லிவிட்டது. பிரிற்றோன் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம். புரொஸ்டேற் வீங்கிய ஐயாமாருக்கு அது சலத்தை அடைத்துவிடும். மூக்குக்கு விடும் சைலோமெற்றசொலின் துளியைப் பெட்டியில் போட்டிருக்கும் நாட்களுக்கு மேல் விட்டால் அடைப்புத் திரும்பிவரும். கோடீன் கலந்த நோக்குளிசையோடு டுபாய் வழியாகப் பறப்பவர்கள் அங்குள்ள அனுமதி விதியை முதலே பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இருமல் பாணி கொடுக்கவே வேண்டாம். பிரித்தானியாவில் 2009 முதல் ஆறு வயதுக்குக் கீழ் இந்த வகை மருந்துகளில் பலவற்றைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 2025இல் காஞ்சிபுரத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎதிலீன் கிளைக்கோல் நஞ்சு கலந்திருந்ததால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். உப்புத் தண்ணீர் மூக்குத்துளி, இளஞ்சூடான குடிபானம், ஒரு வயது தாண்டியிருந்தால் ஒரு கரண்டி தேன் போதும். வேது பிடிக்கிறேன் என்று கொதிதண்ணிச் சட்டியைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதில் வெந்து ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வெளிக்கிடுமுன் சளிக்காய்ச்சல் ஊசியைப் போடுங்கள். நாளாந்தம் எடுக்கும் மருந்துகளின் பொதுப்பெயர்களையும் ஒவ்வாமைகளையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போட்டோடு வையுங்கள். திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் கண்டால், குடும்ப வைத்தியரிடம் முதல் வசனமாகவே இலங்கை போய் வந்ததைச் சொல்லுங்கள். அங்குள்ளவர் தானாக டெங்கை நினைக்கமாட்டார்.