அமெரிக்கச் செய்தியைச் சேலத்துக் கணக்கில் படிப்பது எப்படி

அமெரிக்காவைப் பற்றி யார் வேண்டுமானாலும் கருத்து சொல்லலாம், செலவில்லை. சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை நடத்துகிறவருக்கும் ஏற்காட்டில் நாலு ஏக்கர் காப்பி வைத்திருப்பவருக்கும் மட்டும் அந்தக் கருத்து தப்பினால் கைக்காசு போகும். வெள்ளி விலையும் அராபிகா காப்பி விலையும் பெரும்பாலும் நியூயார்க்கில் முடிவாகின்றன. அதனால் அங்கிருந்து வருகிற எந்தச் செய்தியையும் மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும். எந்த நேரத்தில் வந்தது? எதோடு ஒப்பிட்ட எண்? நடந்துவிட்டதா, வெறும் பேச்சா?

முதலில் கடிகாரம். மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரம். இந்த ஒரு மணி நேர மாற்றத்தை மறந்தால் கீழே சொல்கிற எல்லா நேரமும் தப்பாகிவிடும். வேலைவாய்ப்பு அறிக்கை பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வரும். நுகர்வோர் விலைக் குறியீடு மாத நடுவில் வரும். இரண்டுக்கும் அங்கே காலை 8:30 மணி, நமக்குக் கோடையில் மாலை 6, குளிர்காலத்தில் 7. அந்த நேரத்தில் நம் நாட்டுப் பொருள் சந்தையான எம்.சி.எக்ஸ். திறந்திருப்பதால் வெள்ளி விலை சில நிமிடங்களில் ஏறி இறங்கிவிடும். மொத்த வியாபாரியிடம் வெள்ளி விலையைப் பேசி முடிப்பதாக இருந்தால், அறிக்கைக்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்துப் பேசுங்கள். இடையில் உள்ள அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் நல்லதல்ல.

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி முடிவு வேறு மாதிரி. வருடத்தில் எட்டு கூட்டம், பெரும்பாலும் புதன்கிழமை அங்கே மதியம் 2 மணிக்கு அறிவிப்பு, அரை மணி நேரம் கழித்துத் தலைவரின் பேட்டி. நம் கணக்கில் கோடையில் இரவு 11:30, குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி 12:30. எம்.சி.எக்ஸ். கோடையில் 11:30-க்கும் குளிர்காலத்தில் 11:55-க்கும் மூடிவிடுகிறது. அதாவது முடிவு வரும்போது இங்கே கடை சாத்தியாச்சு. முழு பாதிப்பும் மறுநாள் காலை 9 மணிக்கு ஒரே தாவலாக வரும். புதன் இரவு விலையை நம்பி வியாழக்கிழமை ஆர்டருக்கு விலை சொல்லி வைப்பதுதான் பட்டறைக்காரர்கள் அதிகம் அடிபடும் இடம். அந்த இரவுக்கு மட்டும் "விலை நாளைக்குத்தான்" என்று சொல்லிவிடலாம். வாடிக்கையாளரும் புரிந்துகொள்வார்.

வட்டி குறைந்தால் வெள்ளி ஏறும் என்பது பாதி உண்மை. வெள்ளியைப் பெட்டியில் வைத்திருந்தால் வட்டி கிடைக்காது. டாலருக்கு வட்டி குறையும்போது அந்த நஷ்டமும் குறைவதால் வெள்ளிக்கு மவுசு கூடும். ஆனால் எல்லோரும் எதிர்பார்த்த வட்டிக் குறைப்பு விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் சந்தை நகரும். எதிர்பார்ப்பு என்ன என்பதை அமெரிக்கச் சந்தை நிறுவனமான சி.எம்.இ.-யின் ஃபெட்வாட்ச் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வட்டிக் குறைப்புக்கு 90 சதவீத வாய்ப்பு என்று போட்டிருந்தால், அந்தக் குறைப்பு வந்தாலும் பெரிய ஏற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. உலகில் வாங்கப்படும் வெள்ளியில் பாதிக்கு மேல் சோலார் பேனல், மின்னணு என்று தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே பொருளாதாரம் படுத்துவிடும் என்ற பயம் வந்தால், வட்டி குறையும் என்ற நம்பிக்கை இருக்கும்போதே வெள்ளி இறங்கலாம். தங்கத்தை வைத்து வெள்ளியைக் கணிப்பவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்.

நியூயார்க் விலையை ரூபாயாக்கும் கணக்கு இது. நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையில் வெள்ளி ட்ராய் அவுன்ஸ் கணக்கில் ஓடுகிறது, ஒரு அவுன்ஸ் 31.1035 கிராம். ஒரு கிலோவுக்கு 32.15 அவுன்ஸ். கணக்குக்காக அவுன்ஸ் 30 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 30 × 32.15 × 85 போட்டால் சுமார் 82,000 ரூபாய். 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. அந்த 6 சதவீதத்தைச் சேர்த்தால் 86,900. மேலே 3 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 89,500. வரி மாறியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் எண்ணை மாற்றினால் போதும். இந்தக் கணக்கில் அவுன்ஸுக்கு ஒரு டாலர் ஏறினால் கிலோவுக்குச் சுமார் 2,980 ரூபாய் ஏறும். ரூபாய் மதிப்பு ஒரு ரூபாய் சரிந்தால் சுமார் 1,050. நியூயார்க்கில் அசைவே இல்லாத நாளில் செவ்வாய்ப்பேட்டையில் விலை ஏறினால் ரூபாயைப் பாருங்கள். 75 டச் கொலுசில் கிலோவுக்கு 750 கிராம்தான் வெள்ளி என்பதால் ஏற்றத்திலும் முக்கால் பங்குதான் உங்கள் சரக்குக்கு. உங்கள் எண்ணும் கடைக்காரர் எண்ணும் சற்று விலகினால் பதற வேண்டாம். வரி போடுவதற்கான வெள்ளி மதிப்பைச் சுங்கத்துறை 15 நாளுக்கு ஒருமுறைதான் மாற்றுகிறது, சந்தை அதற்குள் நகர்ந்திருக்கும்.

இனி எண்களைப் படிக்கும் விதம். டீக்கடை வாதங்களில் பாதி இங்கேதான் கோணலாகிறது.

அமெரிக்கா தன் ஜி.டி.பி. வளர்ச்சியை, மூன்று மாத வேகம் வருடம் முழுக்க நீடித்தால் எவ்வளவு என்று பெருக்கிச் சொல்கிறது. நாம் போன வருடம் இதே காலாண்டோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம். 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு அமெரிக்காவின் முதல் அறிவிப்பு 32.9 சதவீத வீழ்ச்சி, நம்முடையது 23.9. "பாருங்கய்யா, அவனுக்கு நம்மைவிட மோசம்" என்று பேசாத ஆளில்லை. உண்மையில் அந்த மூன்று மாதத்தில் அமெரிக்காவில் சுருங்கியது 10 சதவீதத்துக்கும் கீழே. அவர்கள் சொல்லும் எண்ணை நாலால் வகுத்தால் சாதாரண காலங்களில் ஏறக்குறைய அந்தக் காலாண்டின் மாற்றம் கிடைத்துவிடும்.

பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம் தொட்டுப் பிறகு குறைந்தது. குறைந்தது ஏறும் வேகம்தான், விலை குறையவில்லை. "பணவீக்கம் குறைஞ்சுடுச்சுன்னு சொல்றான், அங்க முட்டை விலை குறையலையே" என்பது அமெரிக்காவில் இருக்கும் மருமகன் சொன்னாலும் முரண்பாடு இல்லை. மாத எண்ணா வருட எண்ணா, உணவும் எரிபொருளும் சேர்த்ததா விட்டதா என்று பார்க்காமல் இரண்டு தலைப்புகளை ஒப்பிடக்கூடாது. வேலைவாய்ப்பு எண் அடுத்த இரண்டு மாதமும் திருத்தப்படும், வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகவும் திருத்தப்படும். 2024 ஆகஸ்டில் முதற்கட்டத் திருத்தத்திலேயே 8,18,000 வேலைகள் கணக்கிலிருந்து காணாமல் போயின. 2025 அக்டோபர், நவம்பரில் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தபோது அறிக்கைகளே தள்ளிப்போயின, அக்டோபர் மாத விலைக் குறியீடு வரவே இல்லை. காலண்டரில் குறித்த தேதியை முந்தின நாள் சரிபார்ப்பது நல்லது.

ஏற்காட்டுக்கு வருவோம். நியூயார்க்கில் ஐ.சி.இ. சந்தையில் அராபிகா பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று ஓடும். நம் நேரம் கோடையில் மதியம் 1:45 முதல் இரவு 11 வரை, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளி. ரொபஸ்டா லண்டனில், டன்னுக்கு டாலர். இரண்டையும் குழப்பி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு, அலகைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், டிசம்பர் என்று ஒப்பந்த மாதங்கள் இருக்கும். முடியப்போகிற மாதத்தின் விலையைப் பார்க்காமல் அதிக வியாபாரம் நடக்கும் மாதத்தைப் பாருங்கள்.

அந்த விலை பச்சைக் கொட்டைக்கு. உங்களிடம் இருப்பது பார்ச்மென்ட், அதாவது சதை நீக்கிக் காய வைத்த, உள் ஓடு நீங்காத கொட்டை. 50 கிலோ மூட்டையைக் கியூரிங் செய்தால் (உள் ஓட்டை நீக்கிச் சுத்தம் செய்தால்) சுமார் 40 கிலோ கொட்டை வரும், அது 88 பவுண்டு. பவுண்டு 200 சென்ட், டாலர் 85 ரூபாய் என்றால் மூட்டைக்கு ஏறத்தாழ 15,000 ரூபாய். இதில் கியூரிங் கூலி, போக்குவரத்து, வாங்குகிறவரின் லாபம் எல்லாம் கழியும். கணக்குக்கும் வியாபாரி சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளியை வாரா வாரம் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், திடீரென்று இடைவெளி பெரிதாகும் வாரத்தில் பேரம் பேச உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். செர்ரியாகக் காய வைத்த சரக்கில் கொட்டை பாதியளவுதான் என்பதால் இதே கணக்கை அதற்குப் போடக்கூடாது.

எதிர்பார்ப்புக்கு நேர்மாறாகவும் நடக்கும். 2025 ஆகஸ்ட் 6-ல் பிரேசில் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அந்தக் காப்பி வேறு ஊருக்குத் திரும்பி உலக விலை இறங்கும் என்று பலர் எண்ணினார்கள். ஆனால் அமெரிக்க வறுப்பு ஆலைகள் கிடங்கில் இருந்ததை எடுக்க ஆரம்பித்தன, செப்டம்பர் வரை நியூயார்க் விலை ஏறியது. அந்த நவம்பரில் காப்பிக்கு விலக்கு வந்தது.

வரிச் செய்தி வரும்போது ஒரு வரிசையில் கேட்க வேண்டும். ஜனாதிபதி பேசினாரா, சமூக ஊடகத்தில் எழுதினாரா, ஆணையில் கையெழுத்திட்டாரா? கையெழுத்தானால் அமலுக்கு வரும் தேதி எது, வழியில் இருக்கும் கப்பலுக்கு விலக்கு உண்டா, நம் சரக்கின் ஹெச்.எஸ். எண் (சுங்கத்துறையின் சரக்கு வகை எண்) ஆணையின் இணைப்பில் இருக்கிறதா? இந்தியச் சரக்குக்கு 2025 ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதமும் ஆகஸ்ட் 27-ல் மேலும் 25 சதவீதமும் வந்தன. எஃகுக்கு வேறு சட்டப்படி ஏற்கெனவே தனி வரி இருந்தது, அது ஜூன் 4 முதல் 50 சதவீதம். சேலம் உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகையும் தறிக்காரரின் துண்டையும் ஒரே வரியில் வைத்துப் பேசுவது அதனால்தான் தப்பு. வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர். அதில் பாதியை விலைக் குறைப்பாக நம் தலையில் கட்டப் பார்ப்பார் என்பது வேறு விஷயம்.

மசோதா என்றால் பிரதிநிதிகள் சபையில் 435-க்கு 218, செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு விவாதத்தை முடிக்க 100-க்கு 60. "சபையில் நிறைவேறியது" என்ற தலைப்பில் சட்டம் பிறந்துவிடவில்லை.

டிவி துணுக்குகள் ஏன் காலையில் குவிகின்றன என்பதற்கும் கடிகாரமே காரணம். அங்கே இரவு 8 முதல் 11 வரை கேபிள் சேனல்களில் கருத்து நிகழ்ச்சிகள், நமக்குக் கோடையில் காலை 5:30 முதல் 8:30. காப்பி குடிக்கும்போது வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் செய்தியாளர் சொன்னதல்ல, மேசை தட்டிப் பேசுகிறவர் சொன்னது. எதிரெதிர்க் கட்சிகளை ஆதரிக்கும் இரண்டு சேனலைப் பார்த்துச் சமன் செய்வதைவிட, அதே விஷயத்தை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது சுருக்கமான வழி. 2026 நவம்பர் 3 தேர்தலில் முதல் வாக்குச்சாவடிகள் மூடுவது நமக்கு 4-ஆம் தேதி அதிகாலை 4:30, கலிபோர்னியா காலை 9:30. அதற்கு முன்னால் "ஸ்வீப்" (ஒரு கட்சிக்கே முழு வெற்றி) என்று வந்தால் ஒதுக்கிவிடலாம்.

தேர்தலுக்கும் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்துக்கும் ஒரே மாதிரி ‑200, +150 என்று எண்கள் போடுவார்கள். அது பந்தய விகிதம், நாம் படிக்க மட்டும். ‑200 என்றால் 100 ஜெயிக்க 200 கட்ட வேண்டும், 200-ஐ 300-ஆல் வகுத்தால் 66.7 சதவீதம். +150 என்றால் 100-ஐ 250-ஆல் வகுத்து 40 சதவீதம். கூட்டினால் 106.7 வருகிறது, மிகுதி பந்தயக் கம்பெனியின் பங்கு. 66.7-ஐ 106.7-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம் கிடைக்கும். வாய்ப்பு என்று பேச அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.