பாமினிக் கோப்பை யுனிகோடுக்கு மாற்றுதல்: ‘இ’ படுத்தும் பாடு

பழைய வேர்ட் கோப்பைத் திறந்தால் தமிழ் இல்லை; ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அணிவகுத்து நிற்கின்றன. எங்கள் ஊர்ச் சங்கத்தின் பழைய விழா மலர்கள் எல்லாம் ஒரு பென் டிரைவில் இந்தக் கோலத்தில்தான் கிடந்தன. அவற்றை எல்லாக் கணினிகளிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். கோப்பு கெட்டுப்போகவில்லை. அதற்குள் இருப்பது ஆரம்பத்திலிருந்தே ஆங்கில எழுத்துதான். அதன்மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டியது எழுத்துரு. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

படி 1: என்ன எழுத்துரு என்று பாருங்கள்

வேர்டில் அந்த வரியில் சுட்டியைச் சொடுக்கினால், எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே தெரியும். பெயர் தெரியாத வெறும் உரைக்கோப்பு என்றால் ‘தமிழ்’ என்று வரவேண்டிய இடத்தைத் தேடுங்கள். ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. ¾ என்ற பின்னக் குறியில் தொடங்கி நடுவில் ¢ வந்தால் திஸ்கி என்ற இன்னொரு பழைய முறை. இனி வருவது பாமினிக்கு மட்டும்.

படி 2: ஒப்பிட ஒரு பிரதி

பாமினியை நிறுவிக் கோப்பைத் திறந்து, பிடிஎஃப் ஆக ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள். பிழை திருத்தும்போது மூலத்தோடு ஒப்பிட இது உதவும்.

படி 3: மாற்றுதல்

இணையத்தில் ‘பொங்குதமிழ்’ என்ற எழுத்துரு மாற்றி இருக்கிறது. ஒட்டினால் உடனே மாறிவிடும். ஆனால் உயில், நிலப் பத்திரம், மருத்துவக் கடிதம் போன்றவற்றை எந்த இணையதளத்திலும் ஒட்டாதீர்கள். அவற்றுக்கு விண்டோஸில் நிறுவிக்கொள்ளும் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றே நல்லது. எனக்கு எல்லாவற்றுக்குமே கணினியில் இருக்கும் மென்பொருள்தான் பிடிக்கும்.

படி 4: கால்புள்ளி இருந்த இடத்தில் ‘இ’

பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். மாற்றிய உரையில் ‘முருகன்இ வள்ளிஇ தெய்வானை’ என்றும் ‘ரூ. 1இ00இ000’ என்றும் வந்து நிற்கும். பழைய செய்திகளை மறுபதிப்பு செய்த தளங்களில் இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாமினியில் கால்புள்ளி விசையை அழுத்தினால் விழுவது ‘இ’. உண்மையான கால்புள்ளி அதன் பக்கத்து விசையில், ஷிஃப்டுடன் > அழுத்தும் இடத்தில் இருக்கிறது. தட்டச்சு செய்தவர் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி, அங்கே கால்புள்ளியைப் போட்டுவிட்டுத் திரும்பியிருப்பார். வெறும் உரையாக ஒட்டும்போது எந்த எழுத்து எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விடுகிறது. மாற்றிக்கு எல்லாமே பாமினிதான்.

எல்லா ‘இ’யையும் ஒரே அடியாக மாற்றக் கூடாது; ‘இந்த’, ‘இது’, ‘இலங்கை’ எல்லாம் தலையிழந்து போகும். முதலில் எண்களைச் சரிசெய்யுங்கள். வேர்டில் கண்ட்ரோலுடன் எச் அழுத்தி, ‘வைல்ட்கார்டு’ கட்டத்தைத் தேர்ந்தெடுத்து,

தேட: ([0-9])இ([0-9])
மாற்ற: \1,\2

என்று கொடுங்கள். லிப்ரே ஆபீஸில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மாற்றும் இடத்தில் $1,$2 என்று எழுத வேண்டும். இரண்டு முறை ஓட்டுங்கள்: ‘3இ4இ5’ போன்ற இடங்களில் முதல் ஓட்டம் ஒன்றை விட்டுவிடும்.

அடுத்து வைல்ட்கார்டை நீக்கிவிட்டு, ‘இ’யும் அதன்பின் ஓர் இடைவெளியும் சேர்த்துத் தேடி, கால்புள்ளியும் இடைவெளியுமாக மாற்றுங்கள். இன்றைய உரைநடையில் தமிழ்ச் சொல் எதுவும் தனி ‘இ’யில் முடிவதில்லை என்பதால் இதில் ஆபத்து குறைவு. ‘அ, ஆ, இ’ என்று வரிசை போட்ட பக்கங்களும், புள்ளியில்லாத தலைப்பெழுத்துகளும் மட்டும் விதிவிலக்கு. இடைவெளி விடாமல் சொல்லோடு ஒட்டிக்கொண்ட ‘இ’க்குக் குறுக்குவழி வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.

படி 5: ‘வௌி’

பாமினியில் ‘ௌ’ குறியின் பின்பகுதியும் ‘ள’வும் ஒரே விசை. அதனால் சில மாற்றிகள் ‘வெளியீடு’ என்பதை ‘வௌியீடு’ என்றும், ‘வெள்ளை’யை ‘வௌ்ளை’ என்றும் ஆக்கிவிடும். சில எழுத்துருக்களில் இது கண்ணுக்கே தெரியாது, ஆனால் ‘வெள்ளை’ என்று தேடினால் அகப்படாது. ‘வௌ’ முழுவதையும் மாற்றினால் வௌவால் கெடும். ஆகவே ‘வௌி’யை ‘வெளி’ என்றும் ‘வௌ்’ஐ ‘வெள்’ என்றும் தனித்தனியாக மாற்றுங்கள். ‘தௌிவு’க்கும் இதே மருந்து. தேடவேண்டிய எழுத்தைத் தட்டச்சு செய்ய முயலாமல் உரையிலிருந்தே நகலெடுத்து ஒட்டுவது சுலபம்.

படி 6: புதிய கோப்பில் ஒட்டுங்கள்

பழைய கோப்பிலேயே திரும்ப ஒட்டாதீர்கள். புதிதாக ஒன்றைத் திறந்து, ‘வெறும் உரையாக ஒட்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, நிர்மலா யுஐ அல்லது நோட்டோ எழுத்துருவை வையுங்கள். லதா எழுத்துரு என் கண்ணுக்கு ஒத்துவரவில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்துபார்த்த ஒருவர், எல்லாம் மாற்றிய பிறகும் ‘இ’ தெரிகிறது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். அவர் ஒட்டியது பழைய கோப்பில். உரையில் இருப்பது கால்புள்ளிதான். அந்தப் பத்திக்கு இன்னும் பாமினி எழுத்துரு இருப்பதால் கால்புள்ளியை ‘இ’யாக வரைந்து காட்டுகிறது. பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினால் போதும்.

இன்னொரு கேள்வி, நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் புரியாத தமிழாகிவிடுவது பற்றி. அந்தத் துண்டை மட்டும் நகலெடுத்து, யுனிகோடிலிருந்து பாமினிக்குத் திருப்பி மாற்றுங்கள்; பெரும்பாலும் பழைய ஆங்கிலம் அப்படியே வெளியே வரும். மின்னஞ்சல் முகவரியை மட்டும் பிடிஎஃப் பிரதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.